காசு கட்டாமல் ஓல்ட் ஸ்கூல் ரூன்ஸ்கேப்: எதுவரை போகலாம்?

இரவுக்குயில் கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். ஓல்ட் ஸ்கூல் ரூன்ஸ்கேப் என்ற, பலர் ஒரே உலகில் விளையாடும் இணைய விளையாட்டை இலவச அக்கவுன்ட்டில் ஆரம்பித்திருக்கிறேன். பயிற்சித் தீவை முடித்து லம்பிரிட்ஜ் என்ற ஊரில் இறங்கியாயிற்று. கோட்டைச் சமையல்காரர் கேட்ட முட்டை, பால், மாவு மூன்றையும் தேடிக் கொடுத்தேன். அந்த மாவுக்காகக் கோதுமை பறித்து, காற்றாலையின் மேல்தளத்துக்கு ஏறிக் கொட்டி, நெம்புகோலை இழுத்து, மறுபடி கீழே வந்து பானையில் அள்ள வேண்டியிருந்தது. உலகத்தைக் காப்பாற்று என்று யாரும் சொல்லவில்லை. ஒருவருக்கு மாவு வேண்டும், அவ்வளவுதான். அது எனக்கு மிகவும் பிடித்துவிட்டது.

இப்போது சந்தேகம் என்னவென்றால், எங்கே போனாலும் ஏதாவது ஒன்று "மெம்பர்களுக்கு மட்டும்", அதாவது சந்தா கட்டுபவர்களுக்கு மட்டும், என்கிறது. சில ஸ்கில்களை, அதாவது லெவல் லெவலாக வளர்க்கும் திறன்களை, தொடவே முடியவில்லை. வரைபடத்தில் பாதிக்கு மேல் எனக்குக் கிடையாது போலிருக்கிறது. இலவசப் பகுதி என்பது வெறும் முன்னோட்டம்தானா? இன்னும் கொஞ்சம் போனதும் காசு கட்டினால்தான் அடுத்த படி என்று நிறுத்திவிடுமா? அப்படியென்றால் மனசு ஒட்டுவதற்கு முன்பே விட்டுவிடலாம் என்று பார்க்கிறேன்.

இன்னொன்று. என் தங்கை வேறு ஊரில் இருக்கிறாள். இரண்டு பேரும் சேர்ந்து விளையாட ஒரு விளையாட்டு வேண்டும் என்று ரொம்ப நாளாகத் தேடுகிறோம். அவளிடம் கணினி இல்லை, கைபேசி மட்டும்தான். இது எங்களுக்குச் சரிப்படுமா?

---

வில்லோநிழல்:

இரவுக்குயில், நான் பல வருடமாக இலவச உலகத்திலேயே இருப்பவன். மெம்பர் ஆக வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

முன்னோட்டம் என்று நினைத்து உள்ளே வந்தால் அப்படித்தான் தெரியும், ஏனென்றால் பூட்டிய கதவுகள்தான் முதலில் கண்ணில் படும். இலவசப் பகுதிக்கு என்று தனியாக ஒரு ஆரம்பமும் ஒரு மலை உச்சியும் இருக்கின்றன. ஆரம்பம் நீங்கள் கொடுத்த மாவு. உச்சி கிரான்டார் தீவில் இருக்கும் எல்வார்க் என்ற டிராகன். நடுவில் இருக்கும் பாதையை அவசரப்படாமல் நடந்தால், குறையாக எதுவும் தெரியாது.

எண்ணிக்கையில் சொல்வதானால், 15 ஸ்கில்கள் இலவசம். சண்டைக்கானவை எல்லாம் அதில் வந்துவிடும், குறிப்பிட்ட அரக்கர்களை வேட்டையாடும் ஸ்லேயர் தவிர. மரம் வெட்டுதல், தீ மூட்டுதல், மீன்பிடித்தல், சமையல், சுரங்கம், உலோக வேலை, கைவினை, ரூன் என்ற மந்திரக் கற்கள் செய்தல் என்று பிழைப்புக்கான வேலைகளும் உண்டு. திருட்டு, விவசாயம், மூலிகை, வீடு கட்டுதல் போன்றவைதான் கிடையாது. ஊர் என்று பார்த்தால் லம்பிரிட்ஜ், வாராக், ஃபலடார், ட்ரெய்னர், எட்ஜ்வில், அல் காரிட், கரம்ஜாவில் ஒரு ஓரம், வடக்கே வனாந்தரம். வரைபடத்தில் சிறிதாகத் தெரிந்தாலும் காலால் நடந்து பாருங்கள். இலவச உலகில் பெரும்பாலும் நடைதான். அந்த நடையில்தான் ஊர் மனப்பாடம் ஆகிறது. எந்தப் பாலத்துக்குப் பக்கத்தில் என்ன மரம், எந்தச் சுரங்கத்திலிருந்து பொருள்களைப் போட்டுவைக்கும் எந்த பேங்க் கிட்டம் என்று யாரும் சொல்லாமலே தெரிந்துவிடும்.

நான் ஏன் இங்கேயே தங்கிவிட்டேன் என்பதற்கு ஒரே காரணம்: இங்கே உழைப்புக்கு ஒரு சங்கிலி இருக்கிறது, அந்தச் சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியையும் நாமே கோக்க முடிகிறது. உதாரணத்துக்கு மீனை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் லெவலில் சின்ன வலையில் இறால். 20-வது லெவலில் பார்பேரியன் கிராமத்து ஆற்றில், இறகைத் தூண்டிலில் கட்டி ட்ரவுட். 30-ல் அதே இடத்தில் சால்மன். 40-ல் போர்ட் சாரிமில் 30 காசு கொடுத்துப் படகேறி கரம்ஜாவுக்குப் போய்க் கூடை போட்டுப் பெரிய இறால், 50-ல் ஈட்டியால் வாள்மீன். பிடித்த மீனைச் சமைக்க சமையல் லெவல் வேண்டும், லெவல் குறைவாக இருந்தால் அடிக்கடி கருகும். தீ மூட்ட விறகு வேண்டும், விறகுக்குக் கோடாலி, கோடாலிக்கு இரும்பு, இரும்புக்குச் சுரங்கம். அந்த வாள்மீனைத்தான் டிராகன் முன்னால் நின்று சாப்பிட்டு உயிர் பிழைக்கப் போகிறீர்கள். எதுவும் வீணாகப் போவதில்லை.

குவெஸ்ட்களிலும், அதாவது ஊரில் இருப்பவர்கள் நமக்குத் தரும் கதை வேலைகளிலும், அதே நேர்த்தி. ட்ரெய்னரில் நெட் என்று ஒரு கிழவர் இருக்கிறார். கயிறு திரிப்பவர், பழைய மாலுமி. அல் காரிட் இளவரசனைச் சிறையிலிருந்து மீட்கும் குவெஸ்ட்டில் அவரிடம்தான் பொய்முடியும் கயிறும் வாங்குவீர்கள். பக்கத்து வீட்டு ஆகியிடம் சாயமும் முகப்பூச்சும். காவலாளிக்கு மூன்று பீர். அப்படி ஒரு சின்ன வேலைக்காகப் பழகிய அதே நெட், கடைசியில் டிராகன் தீவுக்குக் கப்பலோட்ட வேறு யாரும் முன்வராதபோது கூட வருகிறார். இத்தனை காலமாகத் தெரிந்த ஒரு முகம் சுக்கானைப் பிடித்து நிற்பதைப் பார்க்கும்போது வரும் சந்தோஷத்தைப் பெரிய பட்ஜெட் விளையாட்டுகளில் நான் கண்டதில்லை.

அந்த டிராகன் குவெஸ்ட் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். அதை ஆரம்பிக்கவே வாராக்குக்குத் தெற்கே இருக்கும் வீரர் சங்கத்துக்குள் நுழையத் தகுதி வேண்டும், அதற்கு 32 குவெஸ்ட் புள்ளிகள். அதாவது இலவச உலகின் குவெஸ்ட்களில் பெரும்பகுதியை முடித்திருக்க வேண்டும். தீவுக்குப் போகும் வரைபடம் மூன்று துண்டாகக் கிடக்கிறது. ஒன்று மெல்சாரின் புதிர்க் கட்டடத்துக்குள், நிறம் நிறமாகச் சாவி தேடி இறங்க வேண்டும். ஒன்று போர்ட் சாரிம் சிறையில் இருக்கும் ஒரு கோப்ளினிடம். மூன்றாவது குள்ளர் சுரங்கத்துக்குள் ஒரு மந்திரக் கதவுக்குப் பின்னால். அந்தக் கதவு திறக்கப் பட்டுத்துணி, சுடாத மண்கிண்ணம், பெரிய இறால் பிடிக்கும் கூடை, மந்திரவாதிகள் குடிக்கும் ஒரு பீர் நான்கும் வேண்டும். பனிமலை உச்சியில் இருக்கும் குறிசொல்லி அதை விடுகதையாகச் சொல்வாள். இணையத்தில் விடை தேடாமல் நீங்களே யோசித்துப் பாருங்கள், அந்த ஒரு இடத்துக்காவது.

அப்புறம் 2,000 காசுக்கு ஓட்டைக் கப்பல் ஒன்றை வாங்கி, பலகையும் ஆணியும் கொண்டு அடைத்து, லம்பிரிட்ஜ் பிரபுவிடம் டிராகன் தீயைத் தாங்கும் கேடயம் வாங்கிக்கொண்டு கிளம்ப வேண்டும். கேடயத்தைப் பிரபு சும்மாவே தருவார், கேட்டால் போதும். அது இல்லாமல் போனால் ஒரே மூச்சில் பொசுங்கிவிடுவீர்கள். டிராகனின் சண்டை லெவல் 83. இலவச உலகத்தில் அது பெரிய எதிரிதான். ஜெயித்தால் ரூன் என்ற உலோகத்தில் செய்த மார்புக்கவசம் அணியும் உரிமை கிடைக்கும். அந்த நீலக் கவசத்தோடு ஒருவர் பேங்க் வாசலில் நின்றால், அவர் கிரான்டாருக்குப் போய்வந்தவர் என்று பார்ப்பவர்களுக்குத் தெரியும். காசு கொடுத்து வாங்க முடியாத அடையாளம் என்பதால் எனக்கு அதன்மேல் மரியாதை உண்டு.

அதற்குப் பிறகும் ஓய்வில்லை. எட்ஜ்வில் குகையில் மலை ராட்சதர்களை அடித்தால் அபூர்வமாக ஒரு சாவி விழும், அது ஓபோர் என்ற பாஸின், அதாவது பெரிய எதிரியின், கூடத்தைத் திறக்கும். பாசி ராட்சதர்களிடம் வேறொரு சாவி, அதற்கு பிரையோஃபைட்டா என்ற பாஸ். இரண்டுமே இலவசம். கடைசி லெவலான 99-ன் மேல் ஆசை வந்தால் ஒரு ஸ்கில்லுக்கு 1,30,34,431 அனுபவப் புள்ளிகள் வேண்டும். 92-வது லெவலில்தான் அதில் பாதி வருகிறது. ஆகவே அந்தப் பக்கம் அவசரமாகப் பார்க்க வேண்டாம் என்பது என் யோசனை. லெவலுக்காக விளையாடுபவர்கள் சீக்கிரம் சலித்துப்போவதைப் பார்த்திருக்கிறேன். அடுத்த குவெஸ்ட்டுக்காக விளையாடுபவர்கள் தங்குகிறார்கள்.

எங்கே சுவர் வரும் என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். பணம் சேர்ப்பதில் வரும். இலவச உலகில் நல்ல வருமானம் தரும் வேலைகள் குறைவு, பாட்கள் (ஆள் இல்லாமல் தானாக விளையாடும் நிரல்கள்) வேறு மரத்தையும் பாறையையும் மொய்த்துக்கொண்டிருக்கும். பயணத்தில் வரும், சுருக்குவழிகள் அதிகம் இல்லை. பெரிய பாஸ்களைக் குழுவாக எதிர்க்கும் ரெய்டு போன்ற சண்டைகள் இல்லை. பாண்ட் என்று ஒரு பொருள் உண்டு. யாரோ உண்மைப் பணத்தில் வாங்கி சந்தையில் விற்பார்கள், நாம் விளையாட்டுக் காசில் வாங்கினால் 14 நாள் மெம்பர் ஆகலாம். ஆனால் அதன் விலை இலவச உலக வருமானத்துக்கு ரொம்ப எட்டம். அதைக் குறிவைத்து மாடு அடித்துத் தோல் சேர்க்கத் தொடங்கினால் விளையாட்டு கூலி வேலையாகிவிடும். தயவுசெய்து அந்தப் பக்கம் போகாதீர்கள்.

கைபேசி பற்றி: 2018 அக்டோபரிலிருந்து கைபேசியில் இருக்கிறது. கணினியில் இருக்கும் அதே உலகம், அதே அக்கவுன்ட். தங்கைக்கு எந்தக் குறையும் இராது. ஒரு தட்டலுக்கும் அடுத்த செயலுக்கும் நடுவே 0.6 நொடித் துடிப்பில் ஓடும் விளையாட்டு என்பதால் வேகமான விரல்களும் தேவையில்லை.

---

அசுராதொப்பி:

வில்லோநிழல் சொன்னதை மதிக்கிறேன், ஆனால் கேள்வியின் இரண்டாம் பாதிக்கு அவர் பதில் சொல்லவில்லை. இரவுக்குயில் தங்கையோடு சேர்ந்து விளையாடக் கேட்கிறார். அந்த விஷயத்தில் இலவச ரூன்ஸ்கேப் பலவீனமானது. பெரும்பாலான இடங்களில் ஒரு மிருகத்தை ஒரு நேரத்தில் ஒருவர்தான் அடிக்க முடியும். சுரங்கத்தில் ஒருவர் பாறையைக் குடைந்துவிட்டால் மற்றவர் காத்திருக்க வேண்டும். பக்கத்தில் நிற்கலாம், பேசலாம். தோளோடு தோள் நின்று சண்டை போட முடியாது.

நான் விளையாடுவது கில்ட் வார்ஸ் 2. 2012-ல் விலைக்கு வந்தது, 2015 ஆகஸ்டில் மூல விளையாட்டை இலவசமாக்கினார்கள். மாதச் சந்தா என்பதே அதில் கிடையாது. 80-வது லெவல் வரை, மூலக் கதை முழுக்க, ஐந்து இனங்களும் இலவச அக்கவுன்ட்டுக்குத் திறந்திருக்கின்றன. இரண்டு பாத்திரங்கள் வைத்துக்கொள்ளலாம்.

அதில் என்னைக் கட்டிப்போட்டது ஒரு விஷயம்: அடுத்தவர் வந்தால் நமக்கு நஷ்டமே இல்லை. ஒரு தாதுப் பாறையை நான் வெட்டினாலும் உங்களுக்கு அது அப்படியே இருக்கும். ஒரு அரக்கனை இருபது பேர் அடித்தாலும் பங்கெடுத்தவர் எல்லோருக்கும் அனுபவமும் பொருளும் கிடைக்கும். சாலையில் போய்க்கொண்டிருக்கும்போதே ஒரு கிராமம் தாக்கப்படும், அக்கம்பக்கத்தில் இருப்பவர்கள் எல்லாம் ஓடிவருவார்கள், குழு சேரச் சொல்லிக் கேட்க வேண்டிய அவசியமே இல்லை. விழுந்து கிடப்பவரை முன்பின் தெரியாத ஒருவர் குனிந்து எழுப்பிவிட்டுத் தன் வழியே போவார். இது எனக்கு ஒவ்வொரு முறையும் மனசை நிறைக்கிறது. அறிமுகமில்லாதவர்களைக் கண்டால் சந்தோஷப்படும்படி விதிகளையே எழுதியிருக்கிறார்கள்.

இலவச அக்கவுன்ட்டுக்குக் கட்டுப்பாடுகள் உண்டு. ஒரே பகுதியில் இருப்பவர்கள் எல்லோரும் பார்க்கும் வரைபட அரட்டையில் தாராளமாகப் பேச முடியாது, சந்தையில் எல்லாப் பொருளும் வாங்கி விற்க முடியாது, பை இடம் குறைவு. தங்கையை நண்பர் பட்டியலில் சேர்த்துக் குழுவாகப் போனால் பேச்சுக்குச் சிக்கல் வராது. ஒரே பெரிய தடை, கைபேசியில் கிடையாது. கணினி கண்டிப்பாக வேண்டும். அவளிடம் கணினி வரும் காலத்துக்கு இதை மனதில் வையுங்கள்.

---

வில்லோநிழல்:

சண்டை விஷயத்தில் அசுராதொப்பி சொல்வது சரி, மறுக்க மாட்டேன். ஆனால் சேர்ந்து விளையாடுவது என்றால் சேர்ந்து அடிப்பது மட்டும்தானா? மீன்பிடி இடங்களை எத்தனை பேர் வேண்டுமானாலும் பகிர்ந்துகொள்ளலாம், அங்கே போட்டி இல்லை. பார்பேரியன் ஆற்றங்கரையில் இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் நின்று ட்ரவுட் பிடித்தபடி பேசிக்கொண்டிருப்பதை நான் எப்போதும் பார்க்கிறேன். கை பாட்டுக்கு வேலை செய்யும், வாய்க்கு ஓய்வு தேவைப்படாது. தூரத்தில் இருக்கும் தங்கையோடு பேச இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை. வேகமான சண்டையில் பேச்சு எங்கே வருகிறது?

---

பூட்டுசாவி:

இரண்டு பேரும் விளையாட்டை நன்றாக விளக்கிவிட்டார்கள். புதிதாக வருபவருக்கு யாராவது பாதுகாப்பைச் சொல்ல வேண்டும், அதற்காக எழுதுகிறேன்.

முதல் வேலையாக பார்பேரியன் கிராமத்தின் நடுவில் இருக்கும் குழிக்குள் இறங்குங்கள். பாதுகாப்புக் கோட்டை என்று அதற்குப் பெயர். நான்கு தளம். கதவுகள் திறப்பதற்கு முன் கேள்வி கேட்கும்: பாஸ்வேர்டை ஒருவர் கேட்டால் என்ன செய்வீர்கள், விளையாட்டு நிறுவன ஊழியர் என்று சொல்லிக்கொண்டு வந்தால் என்ன செய்வீர்கள், இந்த மாதிரி. முதல் மூன்று தளங்களில் மொத்தம் 10,000 காசு, நாலாவதில் ஒரு ஜோடி பூட்ஸ். புதியவருக்கு அது பெரிய தொகை. கீழ்த்தளங்களில் மிருகங்கள் பலமானவை, கையில் மீன் இல்லாமல் இறங்க வேண்டாம். பாடத்தைப் பலகையில் எழுதித் தொங்கவிடாமல் சுரங்கமாகவே கட்டி, கற்றுக்கொண்டவருக்குக் கூலியும் தரும் யோசனை அருமையானது என்பேன்.

வாராக்கின் பெரிய சந்தையில் நின்றால் மூன்று விதமான ஆட்கள் வருவார்கள். ஒருவர், கொடுத்த காசை இரட்டிப்பாக்கித் தருவதாகச் சொல்வார். சின்னத் தொகையை உண்மையாகவே இரட்டித்தும் தருவார், பெரிய தொகை வந்ததும் மறைந்துவிடுவார். இன்னொருவர் உங்கள் கவசத்துக்கு இலவசமாகத் தங்க ஓரம் வைத்துத் தருவதாகக் கேட்பார். அப்படி ஒரு வேலையே இந்த விளையாட்டில் கிடையாது. மூன்றாமவர் நண்பராகப் பழகி, நல்ல இடம் காட்டுகிறேன் என்று வடக்கே கூட்டிப்போவார். எட்ஜ்வில்லுக்கும் வாராக்குக்கும் வடக்கே நீளமாக ஒரு பள்ளம் ஓடும். அதைத் தாண்டினால் வனாந்தரம், அங்கே மற்ற ஆட்டக்காரர்கள் உங்களைக் கொல்லலாம். மற்ற இடங்களில் செத்தால் கல்லறையில் பொருள்கள் 15 நிமிடம் காத்திருக்கும், ஓடிப்போய் எடுத்துக்கொள்ளலாம். வனாந்தரத்தில் அவை பெரும்பாலும் உங்களைக் கொன்றவருக்குப் போய்விடும்.

தங்கையின் அக்கவுன்ட்டுக்கும் உங்களுடையதுக்கும் இரண்டடுக்குச் சரிபார்ப்பை இன்றே போட்டுவிடுங்கள். வெளியே விளையாட்டுக் காசு விற்கும் தளங்கள் பக்கம் போகவே வேண்டாம். அது விதிமீறல், அக்கவுன்ட்டைத் தடைசெய்துவிடுவார்கள்.

---

இரவுக்குயில்:

மூவருக்கும் நன்றி. வில்லோநிழல் எழுதிய நெட் கிழவர் பகுதியைத் தங்கைக்கு அப்படியே அனுப்பினேன், உடனே பதிவிறக்கிவிட்டாள். பயிற்சித் தீவில் இருக்கிறாள் இப்போது. கில்ட் வார்ஸ் 2-ஐயும் மறக்க மாட்டோம், கணினி வந்ததும் அதில் சந்திக்கிறோம் அசுராதொப்பி.

ஒரு கடைசிக் கேள்வி. நான் முன்னால் போயிருப்பதால் அவளுக்குக் காசும் நல்ல வாளும் கொடுக்கலாம் என்று நினைக்கிறேன். கொடுக்க முடியுமா? கொடுத்தால் அவளுக்கு விளையாட்டு கெட்டுப்போகுமா?

---

வில்லோநிழல்:

புது இலவச அக்கவுன்ட்டுகளுக்குக் கொடுக்கல் வாங்கலில் கட்டுப்பாடு உண்டு. 20 மணி நேரம் விளையாடி, 10 குவெஸ்ட் புள்ளிகளும் மொத்த லெவல் 100-ம் வந்த பிறகுதான் முழுவதும் நீங்கும். பாட்களைத் தடுக்க வைத்த விதி அது. நீங்களும் அந்த எல்லையைத் தாண்டியிருக்க மாட்டீர்கள் என்று நினைக்கிறேன். சமையல்காரர் குவெஸ்ட் 1 புள்ளி, அதிலிருந்து எண்ணிக்கொள்ளுங்கள். லம்பிரிட்ஜைச் சுற்றி இருக்கும் சின்னக் குவெஸ்ட்களை ஒவ்வொன்றாக முடித்தாலே பத்து வந்துவிடும்.

வாள் கொடுக்காதீர்கள். வெண்கலத்திலிருந்து இரும்புக்கு, இரும்பிலிருந்து எஃகுக்கு அவளே மாறட்டும், அந்தச் சந்தோஷத்தை நாம் எடுத்துக்கொள்ளக் கூடாது. கொடுக்கத்தான் வேண்டுமென்றால், கட்டுப்பாடு நீங்கியதும் சமைத்த ட்ரவுட்டும் கொஞ்சம் இறகும் கொடுங்கள். இறகு போர்ட் சாரிம் மீன்கடையில் கிடைக்கும், லம்பிரிட்ஜ் கோழிகளை அடித்தால் சும்மாவே சேரும். 20-வது மீன்பிடி லெவல் வந்ததும் எழுதுங்கள், எந்த சர்வரில் ஆற்றங்கரை காலியாக இருக்கிறது என்று அன்றைக்குப் பார்த்துச் சொல்கிறேன்.